பாலின் பிடி

தெய்வானைக்கு நெஞ்சுச்சளி. புருஷன் கிரீன் டீ போட்டார். அதிலிருந்த கசப்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தெய்வானையின் உடம்புக்குள்ளே கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களுக்கு அதுதான் துணைக்குப் போக வேண்டும்.

"டீன்னா பால் இல்லாமலா?" என்று அவர் பாலையும் ஊற்றினார்.

"பயப்படாதே, நான் இருக்கேன்ல," என்று பால் கசப்பை அணைத்துக்கொண்டது.

இரண்டும் தொண்டை வழியே இருட்டுக்குள் இறங்கின. எங்கிருந்தோ ஒரு வெள்ளை அணு கூப்பிட்டது. "யாராவது சீக்கிரம் வாங்களேன். என்னால தனியா முடியல."

"விடு, நான் போகணும்," என்றது கசப்பு.

"அங்கேயா? உனக்கு ஏதாவது ஆயிட்டா?" பால் பிடியை இன்னும் இறுக்கியது.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் நின்றுவிட்டது.

"பார்த்தியா, எல்லாம் அடங்கிடுச்சு," என்றது பால்.