முதல் ஆளின் இடம்

ஆழ்கடலிலிருந்து இப்போதுதான் மேலேறி வந்த தண்ணீர்க் குடுவைகள் ஆராய்ச்சிக் கப்பலின் தளத்தில் சொட்டிக்கொண்டு நிற்கின்றன. பனிப்பாறையில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசுகிறது. குடுவை திறந்ததும் முதல் தண்ணீர் ஆக்சிஜன் அளப்பவருக்கு. காற்றுப் பட்டுவிட்டால் அவர் அளப்பது வீண். கரியமில வாயு அளக்கும் அவள் இரண்டாவது ஆள். அந்த ஆக்சிஜன்காரர் வேற்று நாட்டவர். இரண்டு அரசுகளும் நேற்று முறுக்கிக்கொண்டதில், இன்று அவர் கம்பியோரம் ஒதுங்கி நிற்கிறார்.

“அவருக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. நீ பிடிம்மா,” என்கிறார் குழுத்தலைவர்.

“அவர் பிடிச்ச பிறகுதான் சார் நான் பிடிப்பேன்.”

“உன் வேலைக்கு நீயே வேட்டு வெச்சுக்காதே.”

“போனா போகட்டும் சார். இந்தக் குளிர்ல நடுங்குறதாவது மிச்சம்.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். புட்டிகளை ஏந்தியபடி நிற்கும் வரிசையில் ஒருவரும் அவளைத் தாண்டி வரவில்லை. அவளுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் ஈரமாக, காலியாகக் கிடக்கிறது. விறைத்த விரல்களால் அவள் ரப்பர் குழாயைக் குடுவையில் செருகி, மறுமுனையை அவர் பக்கம் நீட்டுகிறாள்.

“வாங்க,” என்கிறாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. கையுறையைக் கழற்றிக்கொண்டே வருகிறார்.