ஏழு கையெழுத்து

அந்தக் காகிதத்தை முதலாளி துளசிங்கம் சிரித்த முகத்தோடுதான் நீட்டினார்.

“கட்டாயம் எதுவும் இல்லீங்க மேடம். அவங்களா இஷ்டப்பட்டு எழுதிக் குடுத்தது.”

தொழிலாளர் ஆய்வாளர் அதை வாங்கிக்கொண்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் திருநீறு. மலைக் கோயிலிலிருந்து இறங்கி, துணி எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான்தான் முதலில் அவருக்குச் சேலை விரித்துக் காட்டியிருந்தேன்.

காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் வசதிக்காக வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே பணிபுரிய முழு மனதோடு சம்மதிக்கிறேன். இருக்கை எதுவும் கேட்கமாட்டேன். கீழே ஏழு பெண்களின் கையெழுத்து.

கடைசிக் கையெழுத்து என்னுடையது. முதல் கையெழுத்து பிரபாவதி அக்காவுடையது.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக வியாபாரிகள் கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே முதலாளி எங்களைக் கூப்பிட்டு இதை மேசைமேல் வைத்துவிட்டார்.

அன்றைக்கு யாரும் பேனாவைத் தொடவில்லை. எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தோம். பதினான்கு வருடமாக அந்தக் கடையில் நிற்கிறவர். அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் நாங்களும் சொல்லியிருப்போம்.

அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தார்.

எனக்கு வலது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடந்தது. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கடையில் சொன்னால் வேலை போய்விடும். அக்காவுக்கு மட்டும் தெரியும்.

தெரிந்தும் போட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் டப்பாவிலிருந்து எடுத்து வைத்த குழம்பை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

ஆய்வாளர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இது செல்லாதுங்க. சட்டம் குடுத்தத அவங்களே வேணாம்னு எழுதிக் குடுத்தாலும் செல்லாது.”

“முழு மனசோட போட்டாங்களே மேடம்.”

“முழு மனசோட போட்டாலும்தான்.”

முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். யார் புகார் கொடுத்தது என்று அவர் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஸ்டூல் எப்போது வரும் என்று கேட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. என் மகளின் காதுகுத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்தவர். ஆட்கள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார். அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டோவில் ஏழு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கியது. அவரே இறக்கி வைத்தார்.

ஒருத்தியும் உட்காரவில்லை.

முதலாளி முன்னால் எப்படி உட்காருவது? வாடிக்கையாளர் வந்தால்தான் நிற்க வேண்டும், மற்ற நேரம் உட்காரலாம் என்று ஆய்வாளர் சொன்ன பிறகும், ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஏழு பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம்.

பிரபாவதி அக்கா என் பின்னால் வந்தார். தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினார்.

“உக்காரு ரஞ்சிதம்.”

உட்கார்ந்துவிட்டேன்.

கெண்டைக்காலில் ஏதோ ஒன்று இறங்கிப் போனது. நிற்கும்போது வாசலில் தொங்கும் சேலைகள் கண்ணை மறைக்கும். உட்கார்ந்தால் அவற்றுக்கு அடியில் தெரு தெரிந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு குழந்தை அப்பா தோளில் தூங்கிக்கொண்டு போனது. ஒன்பது வருடமாக வேலை செய்கிற கடையிலிருந்து இன்றைக்குத்தான் தெருவைப் பார்க்கிறேன்.

ஆய்வாளரும் ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மடியில் பைலை விரித்து எழுத ஆரம்பித்தார். தாளைத் திருப்பும்போதுதான் கவனித்தேன்.

அதே காகிதத்தின் ஜெராக்ஸ். அதே ஏழு கையெழுத்து. கடைசியில் என்னுடையது, கோணலாக.

மூலத்தை முதலாளி இப்போதுதான் மேசை இழுப்பறையின் பூட்டைத் திறந்து எடுத்தார். இந்த ஜெராக்ஸோ எப்போதோ மடித்து, கவரில் போட்டு அனுப்பியதுபோல் நான்காக மடங்கியிருந்தது.

திரும்பி அக்காவைப் பார்த்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்கா பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். என் ஆர்.கே.பேட்டை பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு மாதம் கழித்து என்ன பேசுவது என்று தெரியாமல், அந்த ஜெராக்ஸிலிருந்தே ஆரம்பித்தேன்.

“அக்கா, மேடம் பைல்ல நம்ம காகிதத்தோட ஜெராக்ஸ் இருந்துச்சு.”

“ஆங்.”

“நீ ஏங்க்கா மொத ஆளா கையெழுத்து போட்ட?”

அக்கா பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்தார். ஒன்றை என் கையில் வைத்தார்.

“கையெழுத்து இல்லாத காகிதத்த வச்சிகினு இன்னா பண்றது?”

பழத்தை உரித்தேன். பஸ் வளைந்து உள்ளே வந்தது. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ஒரு ஜெராக்ஸ் எடுத்துகினு வான்னுதான் முதலாளி என்ன அனுப்பினாரு. நான் ரெண்டு எடுத்தேன்.”