பீரோவுக்கு வந்த விருந்தாளி

அந்த வீட்டு இரும்பு பீரோவுக்கு, உள்ளே வந்த எதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில் தனிப் பெருமை. புதிதாக வந்த வைஃபை பெட்டியைக் குழந்தை இழுத்துப் போட்டுவிடுமோ என்று பயந்த வீட்டுக்காரர், அதை பீரோவுக்குள் வைத்து, பின்பக்க ஓட்டை வழியே வயரை விட்டு, கதவைச் சாத்தினார்.

“கவலைப்படாதேப்பா, உன்மேல் ஒரு தூசி விழாது,” என்றது பீரோ.

“நான் பேசுவது வெளியே கேட்கணும் அண்ணே. கதவைக் கொஞ்சம் திறங்களேன்.”

“வந்த அன்றைக்கே வெளியே என்ன பேச்சு?” என்று பீரோ கதவை இன்னும் இறுக்கிக்கொண்டது.

பெட்டி தொண்டை வறளக் கத்தியது. சமையலறைக் கைபேசிக்கு ஒரு சொல்கூட எட்டவில்லை. “இது பழுது, திருப்பிக் கொடுத்துவிடலாம்,” என்றார் வீட்டுக்காரர். நல்லவேளை, வாங்கிப்போக வந்த ஆள் சிரித்துக்கொண்டே அதை எடுத்துக் கூடத்துச் சுவரில் மாட்டினார். அடுத்த நிமிடமே அதன் குரல் வீடெங்கும் கேட்டது.

பீரோவுக்கு மனசு ஆறவில்லை. “நான் என்ன குறை வைத்தேன், நீயே சொல்லம்மா,” என்று மேல்தட்டுப் பட்டுப்புடவையிடம் கேட்டது.

“ஒரு குறையும் இல்லை அண்ணே,” என்றது, கல்யாணத்துக்கு மறுநாள் உள்ளே வந்து, மடிப்பு மடிப்பாக இற்றுக் கிடந்த அந்தப் புடவை.