சியாமில் இருப்பவன்

“நான் வரல. நீங்க பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

பூங்காவனம் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள். மடித்த சேலை ஒன்று கையிலேயே இருந்தது.

கயிறு முறுக்கிக்கொண்டிருந்த தம்பிராஜா நிறுத்தினான்.

மறுநாள் காலை தம்பின் ஊருக்குப் போய் ரயில் ஏற வேண்டும். மலாக்காவுக்கு இப்போது ரயில் இல்லை. சண்டையின்போது ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சியாமில் பாதை போடக் கொண்டுபோனது போனதுதான்.

காஜா பெராங்கில் அந்த வாடகை வீட்டுக்கு வேறு ஆளும் வந்தாகிவிட்டது. அம்மியையும் கோழிகளையும் பக்கத்து வீட்டு, தமிழ் மறந்த மலாக்காச் செட்டியம்மாள் மலாய் மொழியில் பேரம் பேசி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தம்பிராஜா வேலை பார்த்த லோரிப் பட்டறையின் தௌக்கே, அந்தச் சீன முதலாளி, சியாமில் உள்ள ஹாட்யாயில் புதுப் பட்டறை திறக்கிறார். நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இவனைத்தான் கூப்பிட்டார். நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த பிறகு தன் வாழ்க்கையிலும் ஒரு நல்லது நடக்கிறதென்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மூன்று மாதமாக அவள் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். பாப்பாவின் படிப்பு கெடும் என்றாள். அம்மன் கோவில் திருவிழா முடியட்டும் என்றாள். வயிற்று வலி என்றாள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது.

இனிச் சொல்லச் சாக்கு இல்லை. பயம் மட்டும்தான் மிச்சம்.

போன தீபாவளிக்கு முன்னால் ஹாட்யாய் பக்கம் போய்வந்த துணிக்காரர் ஒருவர் வாசலில் மூட்டையை அவிழ்த்தபடி சொன்னார். ரயில் பாதை போடப் போன நம் ஆட்கள் எல்லாரும் சாகவில்லையாம். சிலர் அங்கேயே சியாம்காரிகளைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்களாம். சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் ஒருவன் பெயர் அப்பாசாமியாம். மலாக்காப் பக்கத்து ஆளாம்.

அன்று வாங்கிய துணியை அவள் இன்னும் தைக்கவில்லை.

அப்பாசாமி அவளுடைய முதல் புருஷன். கல்யாண மஞ்சள் காயுமுன் புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் இருந்த தோட்டத்திலிருந்து அவனை ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். சண்டை முடிந்த பிறகு, திரும்பி வராதவர்களின் பெயர்களைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி கூட்டத்தில் வாசித்தார். அதில் அவன் பெயரும் இருந்தது. அவள் பொட்டை அழித்தாள்.

அடுத்த வருடம் தோட்டத்து லோரியைப் பழுதுபார்க்க வந்தவன்தான் தம்பிராஜா. நாலு பேரை வைத்து முறையாகப் பெண் கேட்டான். அவனும் சியாமுக்குப் போய்த் திரும்பியவன். அங்கே பட்டதைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் ஒரு வெற்றிலைக் கடை வருகிறது. கடைமுன் அவள் நிற்கிறாள். பக்கத்தில் தம்பிராஜா. அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா. கடைக்காரன் வெற்றிலையைத் துடைத்தபடி நிமிர்கிறான்.

அதற்குமேல் அவளால் நினைக்க முடிவதில்லை.

தம்பிராஜா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால் அவள் அழுது சமாளித்திருப்பாள். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துணிக்காரரை, கடையை, அந்தப் பெயரை.

“அவரு செத்தத யாரு பாத்தா? கிராணி பேரத்தான வாசிச்சாரு.”

தம்பிராஜா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“நான் பாத்தேன். நான்தான் பொதச்சேன்.”

பிறகு தலை நிமிராமல் சொல்லிக்கொண்டே போனான். வாந்திபேதிக் கொட்டகையில் செத்தவர்களை மூங்கிலோடு மூங்கிலாகக் குவித்துக் கொளுத்துவார்களாம். அப்பாசாமி என்ற அந்த ஆள் மட்டும், நன்றாக இருந்தபோது தன் சோற்றில் பாதியை இவனுக்குக் கொடுத்தவராம். அவரை அந்தக் குவியலில் போட மனசு வரவில்லையாம். சாகும் முன் அவர் இவன் கையைப் பிடித்து, மலாக்காத் தோட்டத்தில் தன் பெண்டாட்டி இருக்கிறாள், பார்த்துக்கொள் என்றாராம். ஊர் திரும்பியதும் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, அப்பாசாமி பெண்டாட்டி யார் என்று விசாரித்தானாம். இவளைக் காட்டினார்களாம். லோரி வேலை அவனே கேட்டு வாங்கியதாம். இரக்கப்பட்டுக் கட்டிக்கொண்டான் என்று அவள் நினைத்துவிடக்கூடாதே என்றுதான் இத்தனை வருடமும் மூடி மறைத்தானாம். சியாம் என்றால் அவனுக்கும் குலை நடுங்குமாம். ஆனாலும் ஒரே ஒரு தடவை அந்த இடத்தில் சூடம் கொளுத்திவிட்டு வர வேண்டுமாம்.

“நல்ல நெட்டையான ஆளு. வெட்டின குழியில கால் மடங்கிக்கிச்சு. மறுபடியும் வெளிய தூக்கி வச்சிட்டு இன்னும் ஒரு மொழம் வெட்டினேன். அப்புறந்தான் நேரா படுத்தாரு.”

சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்காக அவன் காத்திருந்தான்.

பூங்காவனம் கையிலிருந்த சேலையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“ஆமா,” என்றாள். “அவரு நல்ல ஒசரம்.”

தம்பிராஜா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் சேலையைப் பெட்டிக்குள் வைத்தாள். பாப்பாவின் கவுனை அதன்மேல் வைத்து, மூடியை அழுத்தி, கயிற்றை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

மாலை மாற்றும்போது அப்பாசாமியை மணைப்பலகைமேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் அவள் குனிந்துதான் கழுத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.