நூற்றெண்பதாவது நாள்

தாரிகாவின் திருமணம் மூன்றே மாதத்தில் கசந்துவிட்டது. அதை ரத்து செய்ய, மனு போட்டவள் கணவனோடு ஒரே வீட்டில் நூற்றெண்பது நாள் இருந்து, அவன்மேல் துளி அன்பும் இல்லையென்று காட்ட வேண்டும். நீதிமன்றம் சுவரில் பொருத்திய கருவி கவனித்துக்கொண்டே இருக்கும்.

இன்று கடைசி நாள். பெட்டி கட்டியாகிவிட்டது. சாப்பிடும்போது கணவன் நிரஞ்சனுக்குப் புரையேறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். யோசிப்பதற்குள் அவள் கை அவன் உச்சந்தலையைத் தட்டிவிட்டது.

"அன்பு பதிவாகியுள்ளது. எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்" என்றது கருவி.

"ஐயோ, யாருக்குப் புரையேறினாலும் தட்டுவேங்க! அது பழக்கம்ங்க!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள் தாரிகா.

"போன தடவையும் இதத்தான் சொன்ன" என்ற நிரஞ்சன், இருமிய சுவடே இல்லாத குரலில், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான்.