தலையைக் கேட்ட கைகள்

கடலடியில் ஓர் ஆக்டோபஸ் இருந்தது. எந்தப் பாறையில் எப்போது நண்டு வரும் என்பதையெல்லாம் அதன் தலை நினைவில் வைத்திருந்தது. அதனால் எட்டுக் கைகளும் எதற்கும் தலையைக் கேட்டே அசைந்தன.

ஒருநாள் பாறைப் பொந்துக்குள் நண்டு தேடிய மூத்த கை கத்தியது: "தலைவரே, பல் மாதிரி ஏதோ படுது! இழுத்துக்கட்டுமா?"

"அவசரப்படாதே. நண்டுக்கு ஏது பல்? சங்காக இருக்குமோ? இரு, யோசித்துச் சொல்கிறேன்."

தலை நன்றாகவே யோசித்தது. "அது விலாங்கு மீன். உடனே இழுத்துக்கொள்" என்று மிகச் சரியாகச் சொன்னது. அதற்குள் விலாங்கு அந்தக் கையைக் கடித்துத் துண்டாக்கி எடுத்துப் போயிருந்தது.

"பதில் சொல்லும் மரியாதைகூடத் தெரியவில்லை" என்று தலை நொந்துகொண்டது.



மறுநாள் வேறொரு பொந்தில் சின்னக் கையை ஏதோ உரசியது. அது சட்டென்று சுருண்டு வெளியே வந்தது. பிறகு பணிவாகக் கேட்டது: "தலைவரே, பல் மாதிரி பட்டுது. இழுத்துக்கட்டுமா?"

தலை நெடுநேரம் யோசித்து, "சரி, இழுத்துக்கொள்" என்றது.

"இழுத்தாச்சு, தலைவரே."

தலை பூரித்துப்போனது. "பார்த்தீர்களா! நான் சொல்லி வாய் மூடவில்லை, வேலை முடிந்துவிட்டது. இதுவல்லவா கட்டுப்பாடு!"

"எல்லாம் உங்களாலதான், தலைவரே" என்றன ஏழு கைகளும்.