மேற்படி

பதிவேட்டின் மேல் இருந்த தூசியை ஊதிவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

நவம்பர் 30. காலை எட்டு: மழை இல்லை.

பதினொன்று: மேற்படி. இரண்டு: மேற்படி. ஐந்து: மேற்படி. எட்டு: மேற்படி.

அன்று படகு கவிழ்ந்தது மாலை ஐந்தே காலுக்கு. நாற்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. பதினேழு பேர் இறந்தார்கள். வானம் தெளிவாக இருந்தது, படகோட்டியின் கவனக்குறைவே காரணம் என்று விசாரணை அறிக்கை முடித்துவிட்டது. வானிலை நிலையத்தின் இந்த ஒற்றைப் பக்கம்தான் அதற்கு ஆதாரம்.

பதினேழாவது ஆள் படகோட்டி. என் அத்தையின் கணவர்.

அன்று அக்கரையில் காத்திருந்தவள் அத்தை மட்டும். "கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சுடா. கைய நீட்டினா கை தெரியல." வீட்டில் யாரும் அவளை மறுத்துப் பேசுவதில்லை. நம்புவதும் இல்லை. பாவம், புருஷனை விட்டுக்கொடுக்க மனசில்லை என்பார்கள்.

இந்த விபத்தை வைத்து எழுதும் நாவலுக்காகக் கேட்கப் போனபோது நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். நோட்டைத் திறக்கவில்லை.

ஆவணத்தில் இருப்பதைத்தான் எழுதுவது என்பது என் பிடிவாதம். பதினோராம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது: 'வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.'

படகோட்டியின் பெயரை மாற்றிவிட்டேன். அவருக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நேரங்களைச் சரிபார்த்துவிட்டு எழுந்தேன். ஆவண அறைக்காரர் பதிவேட்டைத் திரும்ப வாங்க வந்தார்.

"வர்றவங்க எல்லாரும் இந்த ஒரு பக்கத்தைத்தான் கேக்குறீங்க. மத்த பக்கமெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றபடி தாளைப் புரட்டினார்.

அதே கையெழுத்து, அதே நீல மை. காலை எட்டு: மழை இல்லை. அதன் கீழே வரிசையாக நான்கு மேற்படி.

மூடப் போனவர் தேதியைப் பார்த்து நின்றார்.

"நவம்பருக்கு ஏது சார் முப்பத்தொண்ணு?"

மாதம் பிறக்கும் முன்பே யாரோ உட்கார்ந்து, ஒரே மூச்சில் முப்பத்தொரு நாளையும் எழுதி முடித்திருக்கிறார். வராத நாளிலும் மழை இல்லை.

வராந்தாவுக்கு வந்து அத்தையைப் போனில் அழைத்தேன். நோட்டைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, அன்னிக்கு மழை எப்படிப் பேஞ்சுதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."



"இந்தத் தடவை எழுதிக்குவியா?"